இயல் 6: வேட்டை ஸ்கோப்பில் எத்தனை மடங்கு?

வேட்டை ரைபிளின் மேல் பொருத்தப்படும் குறிநோக்கியான ஸ்கோப்பை வாங்க முனைபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது அதன் உருப்பெருக்கம், அதாவது எதிரில் இருப்பதை அது எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்ட வேண்டும் என்பதாகும். விலை, தயாரிப்பு நிறுவனம், லென்ஸ் பூச்சு, குறுக்குக்கோட்டின் வடிவம் ஆகியவை எல்லாம் அதற்குப் பின்னரே வர வேண்டும். மடங்கு பொருந்தாத ஸ்கோப், எவ்வளவு உயர்ந்த விலைக்கு வாங்கியதாயினும், காட்டில் காலை வாரிவிடும். கடைக்காரர்கள் பெரிய எண்ணைக் காட்டியே விற்பதால் வாங்குபவரின் கண்ணும் அந்த எண்ணிலேயே நின்றுவிடுகிறது. வேட்டையைப் பொறுத்தவரை உண்மையில் தீர்மானிக்க வேண்டியது மிகச் சிறிய எண்ணைத்தான். இந்த இயலில் கூறப்படும் படிகள் யாவும் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன.

உரிமம் பெற்ற வேட்டை சட்டப்படி நடைபெறும் நாடுகளில் வாழ்வோருக்கே இவ்வழிகாட்டல் பொருந்தும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சில விதிவிலக்குகள் தவிர வேட்டையைத் தடை செய்துள்ளது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழர் மிகுதியாகக் குடியேறியுள்ள கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலிருந்து தரப்படுகின்றன. அங்கு ரைபிள் வாங்கும் முன் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சியில் தேறி உடைமை உரிமமும், வேட்டைக்குச் செல்லும் முன் வேட்டைக் கல்வி முடித்து அதற்கான அட்டையும் பெற்றிருக்க வேண்டும்.

எண்களைப் படிக்கும் முறை

ஸ்கோப்பின் மேல் 3–9×40 என அச்சிட்டிருந்தால், பின்புறமுள்ள வளையத்தைத் திருப்பி 3 முதல் 9 மடங்கு வரை மாற்றிக்கொள்ளலாம் என்பதும், முன் லென்ஸின் விட்டம் 40 மி.மீ. என்பதும் அதன் பொருள். 4×32 என ஒரே எண் முன்னால் நின்றால் அது மடங்கு மாறாத நிலை ஸ்கோப். இவ்விரு எண்களோடு மேலும் மூன்று சொற்களைத் தெரிந்துகொண்டால் இந்த இயலுக்குத் தேவையான கோட்பாடு முடிந்துவிடும்.

பார்வைப்புலம் என்பது ஸ்கோப்பின் வட்டத்துக்குள் தெரியும் நிலப்பரப்பின் அகலம். இது பொதுவாக 100 மீட்டர் தொலைவில் இத்தனை மீட்டர் என்றோ, 100 கஜத் தொலைவில் இத்தனை அடி என்றோ குறிக்கப்படுகிறது. ஒளிவட்டம் என்பது கண்ணருகே உள்ள லென்ஸிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம். முன் லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் இது கிடைக்கும். கண் தூரம் என்பது முழு வட்டமும் நிழலின்றித் தெரிவதற்குக் கண்ணுக்கும் பின் லென்ஸுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி. வேட்டை ஸ்கோப்புகளில் இது பெரும்பாலும் 8 முதல் 10 செ.மீ. வரை இருக்கும். மடங்கு ஏற ஏற முதல் இரண்டும் சுருங்குகின்றன. பல ஸ்கோப்புகளில் மூன்றாவதும் சற்றுக் குறைகிறது.

கீழ் எண்ணிலிருந்து தொடங்குதல்

ஒன்டாரியோவின் சீடர் மரச் சதுப்புகளிலும் மேப்பிள் காடுகளிலும் வெள்ளைவால் மான் பெரும்பாலும் 100 மீட்டருக்குள்ளேயே கண்ணில் படுகிறது. பல வேளைகளில் 30 மீட்டருக்குள் தோன்றி, இரண்டு மரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கடக்கும் நேரமே தென்படுகிறது. 3–9×40 வகை ஸ்கோப்பின் பார்வைப்புலம் 100 மீட்டர் தொலைவில் 3 மடங்கில் ஏறத்தாழ 11 மீட்டராகவும், 9 மடங்கில் ஏறத்தாழ 4.6 மீட்டராகவும் இருக்கும். தூரம் குறையும்போது இந்த அகலமும் அதே விகிதத்தில் குறைவதால், 25 மீட்டரில் நிற்கும் மானை 9 மடங்கில் நோக்குபவருக்கு வட்டத்துக்குள் 1.15 மீட்டர் அகலமே கிடைக்கிறது. வளர்ந்த மானின் உடல் அதைவிட நீளமானது. வட்டம் முழுவதும் பழுப்பு மயிராகத் தெரியுமே ஒழிய, அது தோளா தொடையா, எந்தப் பக்கம் தலை, பின்னால் இன்னொரு மான் நிற்கிறதா என்பது ஒன்றும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ரைபிளை அசைக்கத் தொடங்கும்போது மான் போய்விடும். அதே மானை 3 மடங்கில் நோக்கினால் 2.75 மீட்டர் அகலம் கிடைப்பதால் முழு உடலும் அதைச் சுற்றிய கிளைகளும் வட்டத்துக்குள் அடங்குகின்றன.

மறுபுறம், 100 மீட்டரில் 3 மடங்கில் சுட நேர்ந்தவருக்குப் பெரிய இழப்பு ஒன்றும் இல்லை. இலக்கு சற்றுச் சிறிதாகத் தெரியும், அவ்வளவுதான். குறைந்த மடங்கால் தவறும் வாய்ப்பு அரிது, மிகுந்த மடங்கால் தவறும் வாய்ப்பு அடிக்கடி நேர்வது என்பதனால்தான் கீழ் எண்ணை முதலில் தீர்மானிக்க வேண்டும் என இங்கு வலியுறுத்தப்படுகிறது. அடர்ந்த காட்டுக்குக் கீழ் எண் 1 முதல் 2.5 வரையும், காடும் வயலும் கலந்த நிலத்துக்கு 2 முதல் 3 வரையும் இருந்தால் போதும். 4 மடங்குக்குக் கீழே இறங்காத மாறு ஸ்கோப்பைக் காட்டு வேட்டைக்கு வாங்குவது பணத்தைக் கரியாக்குவதாகும்.

மேல் எண்ணைக் கணக்கிடும் படிகள்

1. வேட்டை நடக்கும் இடத்தில் சுடக்கூடிய மிக நீண்ட பார்வைக்கோட்டைத் தூரமானியால் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். கண்மதிப்பு திறந்த வெளியில் பெரும்பாலும் ஏமாற்றும்.

2. சுடுபவரின் உண்மையான எல்லைத் தூரத்தைக் கண்டறிய வேண்டும். சுமார் 23 செ.மீ. விட்டமுள்ள காகிதச் சாப்பாட்டுத் தட்டு ஒன்றைச் சுடுதளத்தில் வைத்து, மேசையில் சாய்க்காமல், காட்டில் சுடுவதுபோலவே முழந்தாளிட்டும் உட்கார்ந்தும் ஊன்றுகோலில் தாங்கியும் சுட வேண்டும். மானின் இதய நுரையீரல் பகுதி ஏறத்தாழ 20 முதல் 25 செ.மீ. அகலமுடையதாதலால், எல்லாக் குண்டுகளும் தட்டுக்குள் விழும் மிகத் தொலைவான தூரமே அவருடைய எல்லை. மேசையில் 300 மீட்டர் வரை எட்டுபவர்கள் பலர், இந்தச் சோதனையில் 150 மீட்டருக்கே திரும்பிவிடுகின்றனர்.

3. முதல் இரண்டு படிகளில் கிடைத்த தூரங்களுள் குறைந்ததை எடுத்து 50ஆல் வகுக்க வேண்டும். 200 மீட்டர் என்றால் 4 மடங்கு. 300 மீட்டர் என்றால் 6 மடங்கு. இந்த அளவில் விலங்கு, வெறுங்கண்ணுக்கு 50 மீட்டரில் நிற்பது போன்ற அளவில் தெரியும். மான் அளவுள்ள விலங்கின் தோளில் குறிவைக்க அது தாராளமாகப் போதும்.

4. கிளைகளினூடே இடைவெளியைத் தேடவும் சுடுதளத்தில் காகித இலக்கில் குறி சரிபார்க்கவும் வசதியாக, கிடைத்த விடையோடு அதில் பாதியைக் கூட்டிக்கொள்ளலாம். 200 மீட்டருக்கு 6, 300 மீட்டருக்கு 9.

5. கடைகளில் உள்ள ஸ்கோப்புகளுள் முன்பே தீர்மானித்த கீழ் எண்ணையும் இப்போது கிடைத்த மேல் எண்ணையும் உள்ளடக்கியவற்றை மட்டும் பட்டியலிட வேண்டும். இரண்டும் ஒன்றில் அடங்காவிட்டால் மேல் எண்ணை விட்டுக்கொடுக்கலாம். கீழ் எண்ணை விட்டுக்கொடுக்கலாகாது.

இந்தக் கணக்கு பெரிய விலங்குகளுக்கானது. கிரவுண்ட்ஹாக் போன்ற சிறு விலங்குகளைப் புல்வெளியில் தொலைவிலிருந்து சுடுவோர் 50க்குப் பதிலாக 20ஆல் வகுக்கலாம். 200 மீட்டருக்கு 10 மடங்கு வரும். அங்கே சுடுபவர் படுத்த நிலையில் இருப்பதும் விலங்கு ஓரிடத்தில் நிற்பதும் வழக்கமாதலால் குறுகிய பார்வைப்புலம் பெரிய இடையூறாவதில்லை.

கணக்கில் கிடைக்கும் எண் சிறியதாக இருக்கிறதே என ஐயுறுவோர் ஒன்றைக் கருதலாம். டெக்சஸின் எல் பாசோ நகரில் இயங்கிய வீவர் நிறுவனம் 1947இல் வெளியிட்ட கே4 என்னும் 4 மடங்கு நிலை ஸ்கோப்பை அமெரிக்க வேட்டைக்காரர்கள் பல பத்தாண்டுகள் எல்லா வகை மான் வேட்டைக்கும் பயன்படுத்தினர். ‘அவுட்டோர் லைஃப்’ இதழின் துப்பாக்கிப் பகுதி ஆசிரியராக நெடுங்காலம் இருந்த ஜாக் ஓகானர் (1902–1978), மலை ஆடுகளைத் தேடிச் சென்ற தம் புகழ்பெற்ற .270 வின்செஸ்டர் ரைபிளில் 4 மடங்கு ஸ்கோப்பையே பொருத்தியிருந்தார். மலையாடு தொலைவில் நிற்கும் விலங்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இன்றைய ஸ்கோப்புகள் அவற்றினும் தெளிவானவை. ஆகவே அன்று போதுமாயிருந்த மடங்கு இன்று போதாமற் போகக் காரணமில்லை.

அந்தி வெளிச்சமும் முன் லென்ஸும்

ஒன்டாரியோவில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னரிலிருந்து மறைவுக்கு அரை மணி பின்னர் வரை வேட்டையாடலாம். அதற்கு அப்பாற்பட்ட இரவு நேரத்தில் துப்பாக்கி தோட்டா நீக்கப்பட்டு உறைக்குள் இருக்க வேண்டும். மான் நடமாட்டம் மிகுந்திருப்பது இந்த இரண்டு அரை மணிகளிலேயே என்பதால், மங்கிய ஒளியில் ஸ்கோப் எப்படி நடந்துகொள்ளும் என்பதை மடங்கோடு சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

இருளில் இளைஞர் ஒருவரின் கண்மணி ஏறத்தாழ 7 மி.மீ. வரை விரியும், ஐம்பதைக் கடந்தவர்களுக்கு அது பெரும்பாலும் 5 மி.மீ. அளவிலேயே நின்றுவிடும். ஸ்கோப்பின் ஒளிவட்டம் கண்மணியைவிடச் சிறியதானால் காட்சி மங்குகிறது. பெரியதானாலோ மிகுதி ஒளி கண்ணுக்குள் நுழையாமல் சுற்றியுள்ள கருவிழியில் விழுந்து வீணாகிறது. 40 மி.மீ. லென்ஸில் 9 மடங்கில் ஒளிவட்டம் 4.4 மி.மீ.; 6 மடங்கில் 6.7 மி.மீ. நண்பகலில் கண்மணி 2 அல்லது 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருப்பதால் இவ்வேறுபாடு தெரியாது. அந்தியில் வளையத்தை 9இலிருந்து 6க்குத் திருப்பியதும் புதருக்குள் இருந்த கறுப்பு உருவம் மானாகத் தெளிவதைச் சுடுபவர் தம் கண்ணாலேயே காணலாம்.

இதிலிருந்து அந்திக்கான மடங்கை எளிதாகப் பெறலாம்: முன் லென்ஸின் விட்டத்தைத் தம் கண்மணியின் விரிவால் வகுத்தால் போதும். 40 மி.மீ. லென்ஸுடைய இளைஞருக்கு ஏறத்தாழ 6 மடங்கு, ஐம்பது வயதைக் கடந்தவருக்கு 8 மடங்கு. அந்த எல்லை வரை மடங்கை ஏற்றுவது அந்தியில் நுணுக்கங்களைப் பிரித்தறிய உதவும் என்பதால், மங்கல் ஒளியில் எப்போதும் மிகக் குறைந்த மடங்கே நல்லது என்னும் பரவலான அறிவுரையும் முழுச் சரியன்று.

ஜெர்மனியில் பரண்மேல் அமர்ந்து நிலவொளியில் காட்டுப்பன்றிக்குக் காத்திருப்போர் தலைமுறைகளாக 8×56 ஸ்கோப்பை விரும்பியதன் காரணம் இந்தக் கணக்கே. 56ஐ 8ஆல் வகுத்தால் சரியாக 7. ஆனால் 56 மி.மீ. லென்ஸ் குழலோடு ஒட்டி அமராமல் உயர்ந்த வளையங்களைக் கேட்கும். ஸ்கோப் உயர்ந்ததும் சுடுபவரின் கன்னம் கட்டையில் அழுந்தாமல் அந்தரத்தில் நிற்கும். கன்னம் நிலைகொள்ளாதபோது ஒவ்வொரு முறையும் கண் வேறிடத்தில் போய் நிற்கும். இரவு வேட்டை தடைசெய்யப்பட்ட இடத்தில் இருப்பவருக்கு 40 முதல் 44 மி.மீ. லென்ஸே பத்துக்குப் பழுதில்லாத தேர்வு.

எந்த நிலத்துக்கு எந்த எண்

தென் ஒன்டாரியோவின் சில வேட்டைப் பிரிவுகளில் மானுக்கு ரைபிள் அனுமதிக்கப்படுவதில்லை. ஷாட்கன், வாய்வழி நிரப்பும் துப்பாக்கி ஆகியவையே அனுமதி. ஒற்றைக் குண்டு எறியும் ஷாட்கனின் எட்டும் தூரம் குறுகியதாதலால் 1–4 அல்லது 2 மடங்கு நிலை ஸ்கோப் போதும். அதன் பின்னுதைப்பு கடுமையாதலால் மடங்கைக் காட்டிலும் நீண்ட கண் தூரமே அங்கு முதன்மை பெற வேண்டும். எந்தப் பிரிவில் எது அனுமதி என்பதை மாகாண அரசு ஆண்டுதோறும் வெளியிடும் வேட்டை விதிச் சுருக்கத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

வட ஒன்டாரியோவில் மூஸ், மான் இரண்டையும் ஒரே ரைபிளால் வேட்டையாடுவோருக்கு 2–7, 2.5–8, 3–9 ஆகிய மூன்றில் எதுவும் பொருந்தும். மூஸ் பெரிய விலங்கு என்பதால் அதற்கென மடங்கை உயர்த்த வேண்டியதே இல்லை. மரம் வெட்டிய திறந்த வெளிகளையும் நீண்ட மின்கம்பிப் பாதைகளையும் நோக்கி அமர்வோருக்கு 3–10 அல்லது 3–12 வசதியாக இருக்கும். அல்பர்ட்டாவின் புல்வெளிகளில் ப்ராங்ஹார்ன் என்னும் மான் போன்ற விலங்கைத் தேடுவோருக்கும் இதுவே.

நாய்களும் ஆட்களும் விலங்குகளைக் கலைத்து வரும் ஐரோப்பிய விரட்டு வேட்டையில் ஓடும் பன்றியைச் சுட வேண்டியிருப்பதால், உண்மையான 1 மடங்கில் தொடங்கி இரு கண்களையும் திறந்து பயன்படுத்தக்கூடிய, நடுவில் ஒளிரும் புள்ளியுடைய 1–6×24 வகையே அங்கு நிலைபெற்றுள்ளது. 1 மடங்கில் 100 மீட்டருக்கு 35 முதல் 40 மீட்டர் வரை பார்வைப்புலம் கிடைக்கும்.

நியூசிலாந்தின் தென் ஆல்ப்ஸ் மலைகளில் 1904இல் விடப்பட்டு இன்று பெருகியிருக்கும் இமயமலை வரையாட்டை வேட்டையாடுவோர் நிலைமை வேறு. பள்ளத்தாக்கின் ஒரு சரிவிலிருந்து மறு சரிவுக்குச் சுட நேர்வதால் 3–15 அல்லது 4–16 அங்கே பொருத்தமாகிறது. அதற்கு மேற்பட்ட மடங்கை மலை உச்சிக்குச் சுமந்து செல்வதில் பயனில்லை.

கூடுதல் மடங்குக்குக் கொடுக்கும் விலை

3–9×40 ஸ்கோப் ஒன்றின் எடை பெரும்பாலும் 350 முதல் 450 கிராம் வரை இருக்க, 5–25×56 வகை ஒரு கிலோவை நெருங்கும். நாள் முழுவதும் தோளில் தொங்கும் ரைபிளில் அந்த அரைக் கிலோவும், அது மேற்புறம் அமர்வதால் ரைபிள் கையில் புரளும் தன்மையும் மாலைக்குள் தெரிந்துவிடும்.

கைநடுக்கத்தையும் மூச்சையும் நாடித்துடிப்பையும் ஸ்கோப் சேர்த்தே பெரிதாக்குகிறது. 4 மடங்கில் கண்ணுக்குத் தெரியாத அசைவு 14 மடங்கில் குறுக்குக்கோட்டைத் தோளிலிருந்து வயிற்றுக்கு இழுத்துச் செல்வதாகத் தோன்றும். உண்மையான அசைவு இரண்டிலும் ஒன்றே. அதைக் கண்டு பதறி, கோடு சரியான இடத்தைக் கடக்கும் கணத்தில் விசையை வெடுக்கென இழுப்பவரே தவறவிடுகிறார். வெயில் நேரத்தில் நிலத்திலிருந்து எழும் கானல் அலையும் இதேபோலப் பெரிதாகி இலக்கை நெளியச் செய்யும்.

10 மடங்குக்கு மேற்பட்ட ஸ்கோப்புகளில் பெரும்பாலும் பக்கவாட்டுக் குமிழ் ஒன்று கூடுதலாக வருகிறது. கண் நடுவிலிருந்து விலகும்போது குறுக்குக்கோடு இலக்கின்மேல் நகர்வதுபோல் தெரிவது இடமாறு தோற்றப் பிழை எனப்படும். தூரத்துக்கேற்ப அதை நீக்கவே அந்தக் குமிழ். சாதாரண வேட்டை ஸ்கோப்புகளில் இது 100 கஜம் போன்ற ஒரு தூரத்துக்குத் தொழிற்சாலையிலேயே நிலைநிறுத்தப்பட்டிருக்கும். வேட்டைத் தூரங்களில் எஞ்சும் பிழை மிகச் சிறிதாதலால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. மான் நிற்கும் சில விநாடிகளில் திருப்ப வேண்டிய குமிழ்களின் எண்ணிக்கை குறைவாக இருப்பதே நல்லது.

கடையில் சோதிக்கும் படிகள்

1. ரைபிளில் பொருத்தாத ஸ்கோப்பையே கையில் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். பொருத்திய ரைபிளை எடுக்க நேர்ந்தால், தோட்டா அறை காலியாக உள்ளதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, ஆட்கள் இல்லாத திசையிலேயே நீட்ட வேண்டும்.

2. கடையின் விளக்கொளியில் எல்லா ஸ்கோப்பும் நன்றாகவே தெரியும். வாயிலருகே சென்று நிழலான இடத்தை, அதுவும் மாலை நேரத்தில், நோக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் சூரியனை நோக்கித் திருப்பலாகாது.

3. கீழ் மடங்கில் வைத்து, பக்கத்தில் நிற்கும் வாகனத்தின் நீளத்தில் எவ்வளவு வட்டத்துக்குள் அடங்குகிறது எனப் பார்த்து, அடுத்த ஸ்கோப்போடு ஒப்பிட வேண்டும். எண் ஒன்றாக இருந்தும் பார்வைப்புலம் வேறுபடும்.

4. மேல் மடங்கில் கண்ணைச் சற்று முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்தி, எவ்வளவு அசைந்தால் காட்சி கறுக்கிறது எனப் பார்க்க வேண்டும். மிகச் சிறு அசைவிலேயே கறுத்துவிடும் ஸ்கோப், அந்த மடங்கைப் பெயருக்கு மட்டும் தருகிறது.

5. வளையத்தைக் கையுறை அணிந்து திருப்பிப் பார்க்க வேண்டும். நவம்பர் மாதக் குளிரில் மசகு இறுகுவதால், கடையிலேயே கடினமாகத் திரும்பும் வளையம் காட்டில் அசைய மறுக்கும்.

பொருத்திய பின் செய்ய வேண்டியவை

1. தோட்டா நீக்கி, பூட்டுத் தண்டையும் கழற்றிவிட்டு, மடங்கை மேல் எண்ணில் வைக்க வேண்டும். கண் தூரம் மேல் எண்ணிலேயே குறுகலாக இருப்பதால் அங்கே சரியானது கீழ் எண்ணிலும் சரியாக அமையும்.

2. வேட்டையின்போது அணியும் தடித்த மேலங்கியோடு, கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் வைத்து, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். முழு வட்டமும் தெரியும் வரை ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்தி, படுத்த நிலையிலும் சோதித்த பின்னரே வளையத் திருகுகளை இறுக்க வேண்டும். படுத்த நிலையில் முகம் முன்னே சரிவதால், நின்று மட்டும் சோதித்தவரின் புருவத்தைப் பின்னுதைப்பில் ஸ்கோப்பின் விளிம்பு பிறைவடிவில் வெட்டிவிடும்.

3. அனுமதி பெற்ற சுடுதளத்தில் 100 மீட்டரில் மேல் மடங்கில் குறி சரிசெய்து மூன்று குண்டுகளும், அடுத்துக் கீழ் மடங்கில் மூன்று குண்டுகளும் சுட வேண்டும். இரு தொகுதிகளின் நடுப்புள்ளிகளும் தெளிவாக விலகியிருந்தால், மடங்கு மாறும்போது குறியும் மாறுகிறது எனக் கொண்டு ஸ்கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

4. குறுக்குக்கோட்டில் தொலைதூரத்துக்கான சிறு கோடுகள் இருப்பின் அவை எந்த மடங்கில் பொருந்தும் என்பதைக் கையேட்டில் பார்த்து எழுதி, ரைபிளிலேயே ஒட்டிவைக்க வேண்டும். மடங்கோடு சேர்ந்து கோடும் பெரிதாகும் முதல் குவியத் தள ஸ்கோப்பில் அவை எல்லா மடங்கிலும் சரி. அமெரிக்கச் சந்தையில் மிகுதியாகக் கிடைக்கும், கோடு அளவு மாறாத இரண்டாம் குவியத் தள ஸ்கோப்பில் அவை ஒரு மடங்கில், பெரும்பாலும் மேல் மடங்கில், மட்டுமே சரி. 12 மடங்கில் 30 செ.மீ. காட்டும் கோடு 6 மடங்கில் 60 செ.மீ. காட்டும், இதை மறந்தவரின் குண்டு மானின் முதுகுக்கு மேலே போய்விடும்.

அடிக்கடி நேரும் தவறுகள்

மேல் மடங்கிலேயே வளையத்தை விட்டுவைத்து நடப்பது இவற்றுள் தலையாயது. சுடுதளத்தில் 9இல் வைத்தது காட்டிலும் 9இலேயே இருக்கும். காரிலிருந்து இறங்கியதும் தோட்டா நிரப்பும் முன் வளையத்தைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டால் இது நேராது. தொலைவில் நிற்கும் விலங்கு பெரும்பாலும் மடங்கை ஏற்றிக்கொள்ள நேரம் கொடுக்கும். அருகில் எழும் விலங்கு கொடுக்காது.

நண்பர் ஒருவர் வேறொரு நிலத்தில் பயன்படுத்தும் ஸ்கோப்பை அப்படியே வாங்குவது இரண்டாவது. கையிலுள்ள தொகைக்குள் மடங்கைக் கூட்டுவதற்காக லென்ஸின் தரத்தைக் குறைத்துக்கொள்வது மூன்றாவது. ஒரே விலையில் 3–9உம் 6–24உம் கிடைத்தால், அதிக மடங்குள்ளதில் கண்ணாடிக்குச் செலவிடப்பட்ட பங்கு குறைவாகவே இருக்கும்.

பாதுகாப்பு

ஸ்கோப் வேட்டைக்காரரின் பைனாகுலர் அல்ல. ரைபிளின் மேல் பொருத்தப்பட்ட ஸ்கோப்பால் ஒன்றை நோக்குவது என்பது, அது என்னவென்று தெரியும் முன்பே அதன்மேல் துப்பாக்கியை நீட்டுவதாகும். புதருக்குள் அசைவது மற்றொரு வேட்டைக்காரராக இருந்தால், அவர் இன்னாரென அறிவதற்குள் அவர்மேல் குறி வைத்தாகிவிட்டது. ஆகவே 8 அல்லது 10 மடங்குப் பைனாகுலர் ஒன்றை மார்பில் தொங்கவிட்டுக்கொண்டு, தேடுவதையும் இனங்காண்பதையும் கொம்பு எண்ணுவதையும் அதனாலேயே செய்ய வேண்டும். ஸ்கோப்புக்கு மிகுந்த மடங்கு வேண்டும் என்ற எண்ணமும் பெரும்பாலும் பைனாகுலர் இல்லாமையிலிருந்தே பிறக்கிறது. ஐயத்துக்கு இடமின்றி இலக்கை இனங்காண வேண்டும் என்பது நியூசிலாந்தின் துப்பாக்கிப் பாதுகாப்பு விதிகள் ஏழில் ஒன்றாகவே வைக்கப்பட்டுள்ளது.

ஒன்டாரியோவில் துப்பாக்கியால் மான், மூஸ் வேட்டையாடும் பருவத்தில் இடுப்புக்கு மேல் குறைந்தது 400 சதுர அங்குலப் பரப்பில் வேட்டை ஆரஞ்சு நிற உடையும் அதே நிறத் தலைமறைப்பும் அணிய வேண்டும். ஆனால் 9 மடங்கின் குறுகிய வட்டத்துக்குள் மானின் தோளை மட்டும் பார்ப்பவருக்கு, ஓரிரு மீட்டர் தள்ளி மரத்தின் பின்னால் நிற்கும் ஆரஞ்சு நிறம் தெரியாது. விசையில் விரல் வைக்கும் முன் ஒருமுறை தலையை உயர்த்தி வெறுங்கண்ணால் இரு பக்கங்களையும், விலங்குக்கு அப்பால் குண்டைத் தாங்கும் மண்மேடோ சரிவோ இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

சுட்ட பின்னரும் மடங்கைக் கவனிக்க வேண்டிய தருணம் ஒன்று உண்டு. விலங்கு விழுந்த இடத்தை, அல்லது கடைசியாகக் கண்ட மரத்தை, மனத்தில் குறித்துக்கொண்டு, ரைபிளைப் பாதுகாப்பு நிலையில் வைத்து, தடம் தேடிப் புறப்படும் முன்பே வளையத்தை மிகக் கீழ் எண்ணுக்குத் திருப்பிவிட வேண்டும். காயமுற்ற மான் அடர்ந்த புதருக்குள் படுத்திருந்து, ஆள் நெருங்கியதும் பத்து மீட்டரில் எழக்கூடும். அதற்குத் துன்பத்தை நீட்டாத இரண்டாவது குண்டை உடனே கொடுக்க, அந்தத் தூரத்தில் குறைந்த மடங்கில் மட்டுமே முடியும்.